நிற்கும் எடை, சுழலும் கடிகாரம்

ஆட்டோமேட்டிக் வாட்சின் பின்மூடி கண்ணாடியாக இருந்தால், உள்ளே அரைவட்டமாய் ஓர் உலோகத் தகடு ஆடுவது தெரியும். அதுதான் ரோட்டார். கை அசைய அசைய அது சுழன்று மெயின் ஸ்பிரிங்கை முறுக்கேற்றுகிறது. அதே வாட்சை, கட்டாத நேரத்தில் அதைச் சுழற்றி முறுக்கேற்றும் வைண்டர் என்ற கருவியில் மாட்டிவிட்டுக் கூர்ந்து பாருங்கள், நடப்பது தலைகீழ். கனத்த விளிம்பைக் கீழே தொங்கவிட்டபடி ரோட்டார் இருந்த இடத்திலேயே நிற்கிறது. மற்ற அனைத்தும், கூடு, டயல், முட்கள் எல்லாம், அதைச் சுற்றி வருகின்றன. வீட்டிலேயே வைண்டர் செய்ய நினைப்பவர் முதலில் ரசித்து மனத்தில் வாங்க வேண்டியது இந்தக் காட்சியைத்தான். செய்முறையின் ஒவ்வொரு முடிவும் இதிலிருந்தே பிறக்கிறது.

வாட்சைப் படுக்கவைத்துச் சுழற்றினால் பயனில்லை. ரோட்டாரும் கூடவே சுற்றிவிடும். டயல் சுவரைப் போல நிமிர்ந்தோ, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்தோ இருக்க வேண்டும். 45 டிகிரி சாய்த்தாலும் ஈர்ப்பு விசையில் சுமார் 70 சதவீதம் ரோட்டாரை இழுத்துப் பிடிக்கும், அது போதும். வேகமும் தேவையில்லை. நிமிடத்துக்கு ஐந்து சுற்று என்ற நிதானத்தில் எடை அசையாமல் நிற்க, முறுக்கு பல்பல்லாக ஏறும்.

எத்தனை சுற்று வேண்டும்? பெரும்பாலான வாட்சுகளுக்கு ஒரு நாளைக்கு 600 முதல் 900 வரை. அதற்கு மேல் சுற்றினால் ஸ்பிரிங் அறுந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். ஆட்டோமேட்டிக்கில் ஸ்பிரிங்கின் வெளிநுனி, அதை அடக்கிய பீப்பாயின் சுவரோடு இறுக்கிக் கட்டப்படுவதில்லை. அழுந்தி நிற்கும், முறுக்கு நிறைந்ததும் வழுக்கிக் கொடுக்கும். அதற்காக இரவும் பகலும் வழுக்கவிடுவது நல்ல வளர்ப்பல்ல. மசகு தேயும், சுவர் தேயும். ஆகவே நல்ல வைண்டரின் முதல் லட்சணம், நிற்கத் தெரிந்திருப்பது. ஐந்து சுற்று வேக மோட்டாரை ஒரு டைமர் வைத்து மணிக்கு ஐந்தரை நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால், 24 மணி நேரத்தில் 660 சுற்று. மீதி நேரமெல்லாம் ஓய்வு.

இந்த வேலைக்கு நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் மோட்டார் ஒன்று உண்டு. ஏர் கூலரில் காற்றை இடவலமாகத் திருப்பும் ஸ்விங் மோட்டார். மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றுவதும் இதே வகைதான். நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஐந்து சுற்று, பிசகாது. இந்த சிங்க்ரனஸ் மோட்டாருக்கு ஒரு விசித்திர குணம்: எந்தப் பக்கம் சுற்றத் தொடங்கும் என்று சொல்ல முடியாது. சுவிட்ச் போட்ட கணத்தில் காந்தம் எங்கே நிற்கிறதோ, அதைப் பொறுத்து வலமும் போகும், இடமும் போகும். வேறு இடங்களில் தொல்லையாக இருக்கும் இந்தக் குணம், டைமரோடு சேரும்போது இங்கே வரமாகிவிடுகிறது. ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் ஒரு திசை. சர்க்யூட் எதுவும் அமைக்காமலே இருதிசைச் சுழற்சி. 230 வோல்ட் என்பதால் இணைப்புகளை மூடிய பெட்டிக்குள் ஒழுங்காக அடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இருதிசைக்கு ஏற்ற வாட்ச் என்றால் செய்கோவின் 7எஸ்26 இயந்திரம் கொண்டவை. 1959இல் செய்கோ கொண்டுவந்த மேஜிக் லீவர் அதில் இருக்கிறது. ரோட்டார் ஓட்டும் சக்கரத்தில் மையம் விலகிய ஓர் ஊசி. அதில் மாட்டிய நெம்புகோலுக்கு இரண்டு கரங்கள். ஊசி எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரு கரம் தள்ளும், மற்றது இழுக்கும். அடுத்த சக்கரம் எப்போதும் ஒரே திசையில்தான் நகரும். இந்த இயந்திரத்துக்குக் கையால் சாவி கொடுக்கவும் முடியாது. வைண்டருக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும்.

ஆனால் வால்ஜூ 7750 இயந்திரம் அப்படியல்ல. ஒரே திசையில்தான் முறுக்கும். மறுதிசையில் ரோட்டார் தடையின்றிப் பறக்கும். கட்டியிருப்பவர் அந்த அதிர்வை மணிக்கட்டிலேயே உணர்வார். கூலர் மோட்டாரில் வைத்தால் இதற்குப் பாதிச் சுற்று வீண். இங்கே ஸ்டெப்பர் மோட்டார் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் கேட்ட உடனே எடுத்துக் கொடுக்கும் 28பிஒய்ஜே-48 போதும். 5 வோல்ட், வெளித்தண்டு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2048 படி. ஒரு சிறிய ஆர்டுயினோ பலகை இருந்தால் திசை, வேகம், ஓய்வு மூன்றும் நம் சொற்படி. எந்தத் திசையில் முறுக்கேறுகிறது என்பதை, ஓய்ந்துபோன வாட்சை ஒவ்வொரு திசையிலும் ஒரு நாள் சுற்றவிட்டு, பிறகு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இனி தொட்டில். வாட்சை மாட்ட 50 மில்லிமீட்டர் பிவிசி குழாய்த் துண்டு. அதன் சுற்றளவு 157 மில்லிமீட்டர்தான். மேலே மூன்று மில்லிமீட்டர் ஃபெல்ட் ஒட்டினால் 176 ஆகும். சராசரி மணிக்கட்டின் அளவு அது. பட்டை இறுகாமலும் நழுவாமலும் உட்காரும். கைத்திறன் வெளிப்படுவது அடுத்த கட்டத்தில். இரும்புப் பட்டை வாட்ச் 150 கிராம் வரை இருக்கும். எடை அச்சிலிருந்து விலகியிருந்தால், தொட்டில் உச்சியைத் தாண்டும்போது கியர் பற்களின் இடைவெளி அளவுக்குத் திடீரென்று முன்னால் சரியும். ‘டக்’கென்று ஒரு சத்தம். மோட்டாரை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. தொட்டிலின் எதிர்ப்புறம் சிறு பித்தளைத் துண்டுகளை வைத்து, எந்த நிலையில் விட்டாலும் அது அங்கேயே நிற்கும்வரை சமன் செய்ய வேண்டும். பாரத்தை மோட்டார் தண்டின் மேல் ஏற்றாமல் ஒரு 608 பேரிங்கில் தாங்கவிட்டால் சுழற்சி வழுவழுப்பாகும். மோட்டாருக்குள் இருப்பது காந்தம் என்பதால் அதை வாட்சிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு வாட்ச் வேகமாக ஓடத் தொடங்கும்.

தேதி மட்டும் காட்டும் வாட்ச் நின்றால் பெரிய நஷ்டமில்லை; ஒரு நிமிடத்தில் சரிசெய்யலாம். வைண்டரின் அருமை 1985இல் வந்த ஐடபிள்யூசி டா வின்சி போன்ற வாட்சுகளில் தெரியும். குர்ட் கிளாஸ் வடிவமைத்த நிரந்தர நாள்காட்டி அது. அடித்தளம் அதே 7750. நாள், தேதி, மாதம், நான்கு இலக்க ஆண்டு, நிலவின் பிறை எல்லாமே ஒரே குமிழால், ஒன்றோடொன்று இசைந்து நகரும். பின்னோக்கித் திருப்ப வழியில்லை. ஓடிக்கொண்டே இருந்தால் 2100 பிப்ரவரி வரை யாரும் தொட வேண்டியதில்லை. நின்றுவிட்டால் விட்டுப்போன ஒவ்வொரு நாளையும் முன்னோக்கித் தள்ளிக் கொண்டுவர வேண்டும்.

கடையில் விற்கும் பளபளப்பான பெட்டிகள் எல்லா வாட்சுக்கும் பொதுவான ஏற்பாட்டோடு வருகின்றன. வீட்டில் செய்தது ஒரே ஒரு வாட்சின் திசையையும் எடையையும் பசியையும் அறிந்து செய்தது. அதனால்தான் பிவிசி குழாயும் ஃபெல்டும் தெரிய நிற்கும் அந்தக் கருவியை நான் உயர்த்திப் பிடிக்கிறேன். செய்ய நினைப்பவர் மோட்டார் வாங்கப் புறப்படும் முன், தம் வாட்சுக்குள் இருக்கும் இயந்திரத்தின் எண்ணைத் தெரிந்துகொள்ளட்டும். எந்த மோட்டார் என்பதை அந்த எண்ணே முடிவு செய்துவிடும்.