உப்பா, புரதமா?

உசிலம்பட்டியில் மதுரை பஸ் ஏறினால் செக்கானூரணி தாண்டியதும் பல்கலை நகர். "யுனிவர்சிட்டி எல்லாம் இறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். படிக்கிற பிள்ளைகள் இறங்கிப் போவார்கள். மீதிப் பேர் நாகமலையை வேடிக்கை பார்த்துக்கொண்டே மதுரைக்குப் போய்விடுவோம். அந்த வளாகத்தில் இருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு ஒன்றுதான், டைஃபாய்டு கிருமியின் மேல்சவ்வில் துளையாக உட்கார்ந்திருக்கும் ஒரு புரதத்தைப் பிரித்துப் படிகமாக்கி, அதன் வடிவத்தைக் கண்டு எழுதியது. டைஃபாய்டு தெரியாத வீடு நம் பக்கம் கிடையாது. இந்த ஆய்வு தெரிந்த வீடும் கிடையாது.

இத்தனைக்கும் உசிலை மரத்தால் பேர் வாங்கிய ஊர் நம்முடையது. அந்த இலையை அரைத்த அரப்பு தலையிலிருக்கும் எண்ணெயை எப்படி இழுத்துக்கொண்டு வருகிறதோ, அப்படி இழுக்கும் ஒரு நுரைப்பொருளைப் போட்டுத்தான் கொழுப்புச் சவ்விலிருந்து அந்தப் புரதத்தைப் பெயர்க்கிறார்கள். அரப்பு தேய்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் என்ன அந்நியம்? அகழாய்வு பார்க்கக் கீழடிக்கு வேன் பிடித்துப் போகிறோம், சந்தோஷம். புரத ஆய்வகம் என்றால் மட்டும் "அது படிச்சவங்க சமாச்சாரம்ணே" என்று ஒதுங்குகிறோம். என் தங்கச்சி மகனிடம் புரதம் என்றேன். ஜிம்மில் கலக்கிக் குடிக்கிற பவுடர் டப்பாவைத் தூக்கிக் காட்டினான். அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புரதம் இருபது வகை மணிகளைக் கோத்த மாலை. அது தானே சுருண்டு மடிந்து ஒரு வடிவம் எடுக்கும். அந்த வடிவம்தான் வேலை செய்கிறது. அதைப் பார்க்க, பெரும்பாலும் கோடானுகோடிப் புரதங்களை வரிசை பிசகாமல் அடுக்கிப் படிகமாக்க வேண்டும். அதில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, சிதறி விழும் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட வேண்டும். புரியாவிட்டால் பரவாயில்லை, மேலே வாருங்கள். தவில் கேட்கிற எல்லோரும் தாளக் கணக்குப் படித்தவர்களா என்ன?

இந்த வித்தையில் சென்னை எப்போதோ உலகத்துக்குப் பாடம் நடத்திவிட்டது. 1952இல், முப்பது வயதைத் தொடும் நேரத்தில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்தார் ஜி.என். ராமச்சந்திரன். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வால் தசைநாரை வாங்கி எக்ஸ் கதிரில் காட்டி, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-55இல் கொலாஜனின் மூவிழைச் சுருளை முன்வைத்தார். 1963இல் வி. சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் இருவரோடும் சேர்ந்து ராமச்சந்திரன் வரைபடம். முழங்கையைப் பின்பக்கமாக மடக்கிப் பாருங்கள், வராது. அதுபோல மாலையின் ஒவ்வொரு கண்ணியும் எந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் திரும்பினால் அணுவும் அணுவும் முட்டிக்கொள்ளும் என்று காட்டும் படம் அது. இன்றைக்கும் எந்த ஊரில் யார் புரத வடிவம் கண்டாலும் அந்தப் படத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? அவருக்கு நோபல் கிடைக்கவில்லை என்று ஒப்பாரி வைக்கிறார்கள். படத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு அழுதாலாவது சரி.

இனி லேப். காலையில் கிருமி வளர்த்த குடுவையிலிருந்து கோழி சூப் வாசம். அதைச் சுழற்றி, பனிக்கட்டிமேல் வைத்து உடைத்து, வடிகுழாயில் விட்டுப் பிரித்தெடுத்து, சாயங்காலம் ஜெல் ஓட்டுவார்கள். நீலச் சாயத்தில் ஊறவைத்து வெளுத்தால் பட்டைகள் தெரியும். "பட்டை ஒண்ணா இருக்கா?" என்பதுதான் அங்கே நலம் விசாரிப்பு. ஒரே பட்டை என்றால் சுத்தமான சரக்கு. அன்றைக்கு டீ யாராவது வாங்கித் தருவார்கள். சித்திரை வெயிலில் கோல்ட் ரூமுக்குள் வேலை இருப்பதாக எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

இதெல்லாம் முன்னுரை. எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

சுத்தமான புரதத்தில் ஒரு சொட்டு. சொட்டு மருந்தின் ஒரு சொட்டில் இருபதில் ஒரு பங்குகூட இராது. அதைக் கண்ணாடிச் சில்லில் வைத்துத் தலைகீழாகக் கவிழ்த்து, கீழே குழியில் கரைசல் ஊற்றி, சுற்றிலும் க்ரீஸ் தடவி மூடுவார்கள். ஒரு தட்டில் 24 குழி. குழிக் கரைசல் சொட்டிலிருந்து ஈரத்தை மெல்ல உறிஞ்சும், சொட்டு கெட்டிப்படும். பனங்கற்கண்டுக்குப் பானைக்குள் நூல் கட்டி வாரக்கணக்கில் அசைக்காமல் விடுகிறார்களே, அதே பொறுமை. நூலுக்குப் பதிலாக இங்கே பூனை மீசையைக்கூடப் பயன்படுத்துவார்கள்: பழைய படிகத்தில் உரசி, புதுச் சொட்டில் ஒரு கோடு இழுத்தால் அந்தத் தடத்தில் படிகம் முளைக்கும்.

ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் குனிந்தால், சொட்டுக்குள் விளிம்பெல்லாம் கத்தியாக ஒன்று மின்னும். வாழ்க்கையே மாறிவிட்டது போலிருக்கும். கேள்வி இதுதான்: உப்பா, புரதமா?

இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன்தான் ரசிகன். மற்றதெல்லாம் சுற்றுலா. புரதம் கரைந்திருக்கும் பஃபரில் பாஸ்பேட் இருந்து, எங்கிருந்தோ கால்சியமும் வந்து சேர்ந்தால் உப்பு படிகமாகிவிடும், அதுவும் பேரழகாக. முனைவாக்கிய ஒளியில் பாருங்கள்: உப்பு திருவிழா சீரியல் செட்டாகப் பளபளக்கும், புரதம் பெரும்பாலும் மங்கலாக, வெளுத்துப்போன சேலை நிறத்தில் நிற்கும். நீலச் சாயம் ஒரு துளி விடுங்கள்: புரதம் உறிஞ்சி உள்ளுக்குள் நீலமாகும், உப்பு ஒட்டாமல் கிடக்கும். எக்ஸ் கதிரில் உப்பு தூரம்தூரமாக நாலைந்து புள்ளி போடும். புரதமோ நெருக்க நெருக்கமாகப் புள்ளி இறைக்கும். கடைசிச் சோதனை ஊசி. முனையால் அழுத்தினால் உப்பு கல்கண்டாக எதிர்த்து நின்று டிக்கென்று உடையும். புரதப் படிகம் சத்தமில்லாமல் நொறுங்கி அமுங்கும். ஏனென்றால் அதில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். ஜிகர்தண்டாவில் பாதாம் பிசின் கிடக்கிறதே, கிட்டத்தட்ட அந்த மென்மை. பிசினுக்கு ஒழுங்கு கிடையாது; இதற்குள் ஒவ்வொரு மூலக்கூறும் பட்டாள அணிவகுப்பு. தண்ணீரில் மிதந்துகொண்டே வரிசையில் நிற்கிறது என்று நினைத்துப் பாருங்கள்!

புரத வடிவத்தைக் கணினியிலேயே கணித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்ட் வந்துவிட்டது, இனி ஊசியும் சொட்டும் எதற்கு என்று கேட்கிற மேதாவிகள் உண்டு. 2024 வேதியியல் நோபலில் பாதி அதற்குப் போனது நியாயம்தான். ஆனால் அது படித்துத் தேறிய பாடப்புத்தகம் புரதத் தரவு வங்கி. 1971இல் ஏழு வடிவங்களோடு தொடங்கி இன்று இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்ட அந்த வங்கியைப் பெரும்பாலும் நிரப்பியவர்கள் மைக்ராஸ்கோப்பில் குனிந்து கழுத்து வலித்தவர்கள். புரதத்தின் கலர் ரிப்பன் படத்தைப் பார்த்து "சூப்பர்" போடுவது, கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டுச் சாப்பாடு பிரமாதம் என்பது மாதிரி.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். நானும் இரண்டு வருஷம் ஒரு லேப்பில் எடுபிடியாக இருந்தவன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சேர்ந்த வாரம் முட்டை வெள்ளைக்கருவின் லைசோசைம் கொடுத்தார்கள். சமையல் உப்புப் போட்டால் ராத்திரியோடு ராத்திரியாகப் படிகமாகிற சமர்த்துப் புரதம் அது. காலையில் பார்த்ததும் எனக்குத் தலைக்கனம். அடுத்த புரதத்தில் எட்டு மாதம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாள் பாளம் பாளமாகப் படிகம். ஓடிப்போய் லேப் முழுவதுக்கும் பால்பன் வாங்கி வந்தேன். சீனியர் அக்கா பன்னைக் கையில் வைத்துக்கொண்டே, "தம்பி, முதல்ல ஊசிய எடு" என்றார்.

டிக்.

பாஸ்பேட்டைத் தூக்கிவிட்டு வேறு பஃபர் போட்டேன். ஆறாவது வாரம் ஒரு சொட்டில் மூன்று படிகம், மங்கல் நிறத்தில், சின்னச் சின்னதாக. யாரிடமும் சொல்லவில்லை. இருப்பதிலேயே சின்னதைத் தேர்ந்து ஊசியை வைத்தேன். கைக்கு ஒரு தடையும் தெரியவில்லை. அப்படியே அமுங்கிப் பரவியது. மூடியை மறுபடி க்ரீஸ் தடவி ஒட்டிவிட்டு, தனியாகப் போய் இரண்டு பால்பன் தின்றுவிட்டு வந்தேன்.