டாக்டர் ஓட்டிய வண்டி

"ஒரே ஓனர் சார், டாக்டர் வண்டி. சிட்டிக்குள்ள மட்டும்தான் ஓடியிருக்கு. அஞ்சு வருஷத்துல வெறும் 31,000 கிலோமீட்டர்." புரோக்கர் சொன்ன அந்த நிமிடமே விழுந்துவிட்டேன். 2020 மாடல், பிஎஸ்6 டீசல் எஸ்யூவி. இழுவை, சீட், ஏசி எதிலும் குறையில்லை. ஆறு வாரமாக என் தூக்கத்தைக் கெடுப்பது டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டிதான்.

ஒன்பதாம் நாள் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அன்று மாலை அபார்ட்மென்டில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். ரேடியேட்டர் விசிறி மட்டும் பேய் பிடித்ததுபோல் சுற்றியது, கூடவே ஒரு தீய்ந்த வாடை. "சார், வண்டிய ஆஃப் பண்ணாமலே போறீங்க" என்று வாட்ச்மேன் ஓடிவந்தார்.

விஷயம் இதுதான். தேன்கூடு போன்ற அந்த வடிகட்டியில் சேரும் கரியை, வண்டியே அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரித்துக்கொள்ளும். ரீஜென் என்பார்கள். அதற்கு நெடுஞ்சாலையில் இருபது நிமிடமாவது நிற்காத ஓட்டம் வேண்டும். டாக்டருக்கோ வீட்டிலிருந்து கிளினிக் நாலு கிலோமீட்டர். இன்ஜின் சூடாவதற்குள் கிளினிக் வந்துவிடும். பாதியில் நின்றுபோன ஒவ்வொரு ரீஜெனிலும் எரியாத டீசல் கொஞ்சம் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. முகர்ந்தால் டீசல் நாற்றம். ஆயில் குறைந்தால் பயப்படத் தெரியும், கூடினாலும் பயப்பட வேண்டும் என்று நாற்பத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டேன்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டி, கட்டாய ரீஜென் செய்து, ஆயிலும் மாற்றி 14,000 ரூபாய் வாங்கினார்கள். இனியும் அடைத்தால் புது வடிகட்டிதான், ஒன்றரை லட்சம் ஆகும் என்றார்கள். வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் ரகசியமாக, "உள்ள இருக்கிறத உடைச்சு எடுத்துட்டு புரோகிராம மாத்திடலாம்ணா" என்றார். சட்டப்படி தப்பு என்பது இருக்கட்டும். நமக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வருகிற பிள்ளை அந்தக் கரியைத்தான் மூச்சில் இழுக்கும்.

எனக்கு ஆத்திரம் வடிகட்டியின் மேல் அல்ல. பத்து அங்குலத் தொடுதிரையில் பாட்டுக்கு ஈக்வலைசர் வைத்தவர்களுக்கு, 'ரீஜென் நடக்கிறது, அணைக்காதே' என்று ஒரு வரி காட்டத் தோன்றவில்லையே! குறைந்த ஓட்டம், சிட்டி ஓட்டம் என்று யாராவது பழைய பிஎஸ்6 டீசலைப் புகழ்ந்தால், முதலில் ஸ்கேனர் போட்டு வடிகட்டியில் எவ்வளவு கரி என்று பாருங்கள். தினமும் நாலு கிலோமீட்டர் போகிறவருக்குப் பெட்ரோலே போதும்.

இப்போது ஞாயிறு காலைகளில் ஜிஎஸ்டி சாலையில் பரனூர் டோலுக்குக் காசு கட்டி மேல்மருவத்தூர் வரை போய்த் திரும்புகிறேன். "கோயிலுக்கா?" என்று மனைவி கேட்டாள். வண்டிக்கு என்றேன். போன வாரம் திரும்பி வந்து அணைத்ததும் விசிறி சத்தமே இல்லை. வாட்ச்மேன் எழுந்து வந்தார். "என்ன சார், வண்டி ரிப்பேரா?"