பெயரற்ற முகங்கள்: முத்துச் சலாப நிழற்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

மன்னாருக்குத் தெற்கே, பெருநிலக் கரையில் அமைந்தது வங்காலை. அதற்கும் தெற்கே அரிப்பு, சிலாபத்துறை, மரிச்சுக்கட்டி எனக் கரை நீள்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கு நடைபெற்ற முத்துச் சலாபங்களின் நிழற்படங்கள், பேராசிரியர் ஹேர்ட்மன் 1903 முதல் 1906 வரை வெளியிட்ட முத்துச்சிப்பி அறிக்கையில் இடம்பெற்றுள்ளன. அவை அரிய ஆவணங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும், அவை எவற்றைக் கூறாது விடுகின்றன என்பதும் ஆராயற்பாலது.

தோணி, கயிறு, சிப்பிக் குவியல், குளிப்போர் ஆகியன இத்தகைய படங்களிற் காணப்படும். ஆயின், குளித்தவருட் பலர் கீழக்கரை, தொண்டி முதலிய ஊர்களிலிருந்தும் அரேபியக் கரையிலிருந்தும் வந்தோர். அவருள் கரைவாசி யார், வந்தவர் யார் எனப் படம் உரைப்பதில்லை. தொழில் தெரிகின்றது, ஆள் தெரியவில்லை. சுறாவைக் கட்டும் கடற்கட்டியின் குடும்பத் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என டெனன்ட் 1859இல் எழுதினார். மந்திரமும் சிலுவையும் ஒருவரிடத்தே இணைந்த அவ்வாழ்வை எழுத்தே கூறிற்று, படம் கூறவியலாது.

இக்குறை மன்னாருக்கு மட்டும் உரியதன்று. 1898இல் ஹடன் தலைமையிற் கேம்பிரிட்ச் குழுவினர், முத்துச்சிப்பித் தொழில் நிகழ்ந்த ரொறஸ் நீரிணைக்குச் சென்று மெலனீசியத் தீவு வாழ்வைப் படம்பிடித்தனர். அருகிவிட்ட சடங்கொன்றை அட்டை முகமூடி செய்வித்து மீள ஆடச் செய்தே பதிவுசெய்தனர். அக்குழுவைச் சேர்ந்த செலிக்மனே பின்னர் இலங்கை வந்து வேடரை ஆராய்ந்து, 1911இல் நூல் வெளியிட்டார். எனினும் அக்குழுவினரிடம் ஒரு சிறப்பு இருந்தது. றிவர்ஸ் குடும்பந்தோறும் பெயர்களைக் கேட்டு வமிசாவளிகளைத் திரட்டினார். மேர்த் தீவினர் தம் நிலவுரிமையை அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றில் 1992இல் நிலைநாட்டிய மாபோ வழக்கில், அக்குழுவின் பதிவுகளும் சான்றாயின. பிறர் எழுதிய ஏடு, பெயர் தாங்கியமையால் தீவினரின் உறுதியாயிற்று.

மன்னார்ப் படங்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. 1990இல் இக்கரையோர் பலர் படகேறி இராமேசுவரம் சென்றனர். ஓடியவர் கையில் வீட்டுப் படங்கள் எத்தனை தங்கியிருக்கும்? எனவே பிறர் எடுத்த படங்களே எஞ்சுவனவாகின்றன. நூறாண்டு கடந்த முகங்களுக்கு இனிப் பெயர் காண்டல் அரிது. ஆயினும் தோணியின் வகையையும் கரையின் பெயரையும் கருவியின் சொல்லையும் வங்காலை முதியோர் இன்றும் கூறவல்லர். அப்படங்களை அவர்முன் வைத்து, அவர் கூறுவதை அவர்தம் பெயருடன் எழுதிவைத்தல் வேண்டும். அதுகாறும் அவை கடலைப் பற்றிய சான்றுகளேயன்றிக் கடலோடிகளைப் பற்றியன ஆகா.