துவர்ப்புக்கு இங்கிலீஷில் என்ன?

ஒயின் விமர்சனம் என்று ஒரு இலக்கிய வகை இருக்கிறது. நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள், நஷ்டமில்லை. 'வெட்டிய புல், ஈரக் கூழாங்கல், கூஸ்பெரி, தூரத்தில் கொஞ்சம் பூனை மூத்திரம்' என்கிற ரீதியில் போகும். பூனை என் சரக்கில்லை. சாவிஞான் பிளாங்க் என்கிற வெள்ளை ஒயினைப் பற்றி நிஜமாகவே அப்படித்தான் எழுதுகிறார்கள், அதுவும் பாராட்டாக.

அந்த வகை பாட்டில் ஒன்று போன மே மாதம் நெய்வேலி டவுன்ஷிப்பில் நண்பர் வீட்டு ஃப்ரிட்ஜில் மோருக்கும் இட்லி மாவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. ஆக்லாந்திலிருந்து லீவில் வந்த பையன் ட்யூட்டி ஃப்ரீயில் வாங்கியது. ஊர் மார்ல்பரோ. நியூசிலாந்தின் தெற்குத் தீவில், வடக்கு முனையில், குளிர்ந்த கடலோரம். 1970களுக்கு முன்னால் அங்கே ஆடு மேய்ந்தது. அதன் பிறகுதான் பெரிய அளவில் திராட்சை. 1985ல் ஆரம்பித்த க்ளவுடி பே என்கிற கம்பெனி அந்த ஊரை உலக மேப்பில் வைத்தது. நம்முடையது க்ளவுடி பே இல்லை, ஏதோ சின்னக் குடும்பத்துச் சரக்கு. கார்க் கிடையாது, திருகு மூடி. அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். நல்ல வெள்ளை ஒயினுக்கு அதுதான் பத்திரம் என்று 2001லேயே நியூசிலாந்துக்காரர்கள் கூட்டம் போட்டு முடிவெடுத்துவிட்டார்கள்.

குடிக்காதவர்கள் ஓட வேண்டாம். நான் பேசப்போவது நாக்கைப் பற்றி.

நிறம், இளநீரில் ஒரு சொட்டுப் பச்சை கலந்த மாதிரி. மூக்கருகே கொண்டுபோனால் செங்காய்ப் பதத்தில் கொய்யா, அறுத்த குடைமிளகாய். குடைமிளகாய் கற்பனை இல்லை. அந்தக் காயிலும் இந்தத் திராட்சையிலும் பைரஸீன் என்கிற ஒரே குடும்பத்து ரசாயனம் இருக்கிறது. வாயில் வைத்ததும் தாடை ஓரங்களில் எச்சில் ஊறுகிறது, பல் லேசாகக் கூசுகிறது, உடனே அடுத்த வாய் கேட்கிறது. முதல் கிளாஸ் பிரமாதம். இரண்டாவது கிளாஸில் அதே விஷயத்தை அதே குரலில் திரும்பச் சொல்லியது. ஒரே ஒரு ஜோக் தெரிந்த மாமா போல. நண்பரின் மனைவி கொண்டுவந்த மிளகாய் பஜ்ஜி அதைக் கொன்றேவிட்டது. காரத்தின் எரிச்சலை ஆல்கஹால் ஊதிவிடும். கடலூர் நெத்திலி வறுவல் வந்ததும் மறுபடி உயிர் பிழைத்தது, எலுமிச்சை பிழிந்த வேலையை ஒயின் செய்தது.

'லைட் அண்ட் கிரிஸ்ப்' என்று லேபிளின் முதுகில் போட்டிருந்தது. லைட் சரி. கிரிஸ்ப்பைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? மொறுமொறு என்றால் முறுக்கு. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் பிஞ்சு வெள்ளரியை ஒடிக்கும்போது ஒரு சத்தமும் ஈரமும் தெறிக்கிறதே, அது நாக்கில் நடந்தால் கிரிஸ்ப். அகராதிக்காரர்கள் 'கூஸ்பெரி'யை நெல்லிக்காய் என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அது வேறு செடி, வேறு குடும்பம். நெல்லிக்காய் என்று படித்த தமிழ் வாசகன் துவர்ப்பை எதிர்பார்ப்பான்; இந்த ஒயினில் துவர்ப்பு சுத்தமாகக் கிடையாது.

துவர்ப்பு என்றதும் சொல்ல வேண்டும். சிவப்பு ஒயினின் ஆதார குணமே அதுதான். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின், எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு நாக்கை வறள வைக்கிறது. இதற்கு இங்கிலீஷில் 'அஸ்ட்ரிஞ்சென்ட்' என்கிறார்கள். ஷேவிங் லோஷன் வாசனை அடிக்கும் வார்த்தை. நம் பாட்டிகள் வாழைப்பூவையும் கடுக்காயையும் வைத்து அதை அறுசுவையில் ஒன்றாக்கி வீட்டுப் பேச்சாக்கிவிட்டார்கள். ஒயினைப் பற்றி எழுத உலகத்திலேயே தோதான மொழிகளில் தமிழ் ஒன்று என்பேன். எழுத ஆளில்லை, அவ்வளவுதான்.

சரி, அந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது? திராட்சைக்குள் இரண்டு அமிலங்கள் முக்கியம். ஒன்று மாலிக், பச்சை ஆப்பிளில் இருப்பது. வெயிலில் காய் பழுக்கும்போது கொடி அதை மூச்சுவிட்டே செலவழித்துவிடும். இரவு குளிர்ந்தால் செலவு குறையும். அதனால்தான் குளிர்ந்த கடலோரம். இன்னொன்று டார்டாரிக். அது வெயிலுக்கு அவ்வளவாக அசையாது. சூடான ஊர்களில் ஒயின் சப்பென்று போய்விட்டால் டார்டாரிக்கை வெளியிலிருந்து சேர்ப்பார்கள். நம் வீட்டுப் புளியில் இருப்பதும் அதேதான். ரசத்தில் நாம் செய்வதை அவர்கள் தொட்டியில் செய்கிறார்கள்.

நெய்வேலியிலிருந்து கடல் நாற்பது கிலோமீட்டருக்குள். ஆனால் வங்காள விரிகுடா மே மாதத்தில் வெந்நீர். கடலோரம் என்பது போதாது, கடலும் குளிர்ந்திருக்க வேண்டும். இங்கே 1956ல் கம்பெனி ஆரம்பித்து, அடியில் முட்டிக்கொண்டு நிற்கிற நிலத்தடி நீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டேதான் பழுப்பு நிலக்கரி எடுக்கிறார்கள். அதை எரித்து வரும் கரண்டில் ஃப்ரிட்ஜ் ஓடி, எட்டு டிகிரியில் ஒயின். நம் ஊருக்கு வாய்த்த குளிர்ப் பிரதேசம் அந்த ஃப்ரிட்ஜ்தான்.

இந்தியாவில் இந்த பாணிக்கு வழிகாட்டியது நாசிக். ராஜீவ் சமந்த் கலிஃபோர்னியாவில் ஆரக்கிள் வேலையை விட்டுவிட்டு வந்து சாவிஞான் பிளாங்க் நட்டார். 2000ல் சூலாவின் முதல் ஒயின் வந்தது. கடலோரம் இல்லை, அறுநூறு மீட்டர் உயர மேட்டு நிலம். மழை முடிந்து கவாத்து பண்ணி, குளிர்காலத்தில் காயை முற்றவிட்டு, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் அறுவடை. உலகம் இலையுதிர் காலத்தில் செய்வதைக் காலண்டரைத் திருப்பிப் போட்டுச் செய்தார்கள். புத்திசாலித்தனம். ஒயின் எப்படி? மார்ல்பரோவின் கூச்சம் அதில் இல்லை. குடைமிளகாய் உண்டு, புளிப்பு ஒரு படி கம்மி. ஆனால் பஜ்ஜியோடு சண்டை போடாது.

தமிழ்நாட்டில் திராட்சை இல்லையா? கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் பூராவும் காய்க்கிறது. பன்னீர் திராட்சை. 2023ல் புவிசார் குறியீடு வாங்கியது. ரகத்தின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள். கொடி தூங்குவதே இல்லை, குளிரும் இல்லை; இதில் கிரிஸ்ப் ஒயினை எதிர்பார்ப்பது மல்லிகையில் மிளகாய் எதிர்பார்ப்பது. ஆனால் அந்த ரோஜா வாசனை! இத்தாலியில் மஸ்கட் குடும்பத்துத் தாத்தாவை வைத்து மோஸ்கட்டோ த'ஆஸ்தி என்று ஐந்து சதவிகிதம் ஆல்கஹாலில், லேசான நுரையோடு, இனிப்பாக ஒன்று செய்கிறார்கள். கம்பத்துப் பேரனை வைத்து யாராவது அதைச் செய்து பார்க்கலாம். கெட்டியாக, சிவப்பாக, 'ஃபிரெஞ்சு மாதிரி' செய்கிற ஆசையை விட்டால்.

ஐந்து சதவிகிதம் என்றதும் உங்களுக்கு ஒன்று ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. கடலூரிலிருந்து மரக்காணம் வரை பனை. அந்தப் பானையில் காட்டு ஈஸ்ட் தானாக விழுந்து சில மணி நேரத்தில் லேசாக, புளிப்பாக, நுரையோடு ஒரு பானம் ஆகிறது. ஆல்கஹால் பீர் அளவுதான். சாயங்காலத்துக்குள் காடியாகத் தொடங்கும் என்பதால் ஏற்றுமதி, லேபிள், விமர்சகர் எதுவும் கிடையாது. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவது குற்றம். ஒரு மணி நேரம் பஸ் ஏறிப் புதுச்சேரி எல்லைக்குள் போனால் கடை வைத்து விற்கலாம். இந்தப் பக்கம் 42.8 சதவிகித பிராந்தியை அரசாங்கமே கவுன்ட்டர் போட்டு விற்கிறது.

தடைக்கு நியாயம் சொல்பவர்களை நான் கேலி செய்யவில்லை. கள்ளில் கலப்படம் நடந்தது, கூலி முழுக்கக் கடையிலேயே தங்கியது, பெண்கள் அழுதார்கள். ஆனால் 2023 மே மாதம் மரக்காணம் பக்கம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் என்று செத்ததெல்லாம் மெத்தனால் சாராயத்தில். இரண்டும் நெய்வேலியிலிருந்து காரில் இரண்டு, மூன்று மணி நேரத் தூரம்தான். பானத்தின் பலத்தைப் பற்றிப் பேசாமல் பானத்தின் பெயரை மட்டும் பேசுகிற சட்டம், ருசி தெரியாத விமர்சகன் எழுதியது போல இருக்கிறது.

சட்டப்படி நடக்கிறவர்களுக்குப் பதநீர். பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவிவிடுவதால் ஈஸ்ட் வேலை செய்யாது, ஆல்கஹால் பூஜ்யம். நாலு கிளாஸ் குடித்த அனுபவத்தில் என் டேஸ்டிங் நோட்: கலங்கலான வெள்ளை. மூக்கில் பச்சை ஓலை. முதலில் தித்திப்பு, பின்னாலேயே சுண்ணாம்பின் மெல்லிய கடிப்பு. சீக்கிரம் முடிந்துவிடும் ருசி. ஓலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தால் வாங்குங்கள். பிளாஸ்டிக் டம்ளரில் பாதி வாசனை போய்விடுகிறது. காலை எட்டு மணிக்கு மேல் ஆகிவிட்டால் ஐஸ் போட்டு விற்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.