குடியிருப்போர் இல்லாத இல்லங்கள்

புதுச்சேரியில் ஒரு கருத்தரங்கிற்குச் சென்றிருந்த நம்மை, அமைப்பாளர்கள் பழைய மாளிகை ஒன்றில் இரண்டு இரவுகள் தங்கவைத்தனர். முன்னாளில் முஸ்லிம் வணிகக் குடும்பம் ஒன்று வாழ்ந்த வீடு அது; இப்போது சில அறைகளே கொண்ட மரபு விடுதி. தேக்குத் தூண்கள் மெருகு குலையாமல் நின்றன. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் கை வைத்தால் குளிர்ந்தது. முற்றத்தில் மழைநீர் விழும் இடத்தில் பித்தளை அண்டா ஒன்றில் மலர்கள் மிதந்தன. குறை கூற ஒன்றுமில்லை என்றே முதல் மாலையில் எண்ணினோம்.

பணியாளர் நம் பையை எடுத்துக்கொண்டு நடை, வெளிக்கூடம், இரண்டாம் கட்டு எனக் கடந்து, மிக உட்புறத்து அறையொன்றைத் திறந்துவிட்டார். "சார், இதுதான் இங்கே ஸ்பெஷல் ரூம். அந்தக் காலத்து அந்தப்புரம்" என்றார். அந்தப்புரம் அரசர்க்குரிய சொல். வணிகர் வீட்டில் அது உள்வீடு, அவ்வளவே. பிழை திருத்தும் ஆசிரியப் பழக்கம் எழுந்து அடங்கிய பின்னரே வேறொன்று உறைத்தது. அவ்வீட்டார் வாழ்ந்த காலத்தில் நாம் விருந்தினராக வந்திருந்தால், வெளிக்கூடத்தைத் தாண்டி ஓரடி வைத்திருக்க மாட்டோம். எவ்வளவு மதிக்கப்பட்ட ஆலிமாக இருப்பினும் படுக்கை வெளிக்கூடத்தில்தான். உணவும் அங்கேதான் வந்திருக்கும். இன்றோ ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் கதவில் காட்டியதும் உள்வீடு திறந்துகொண்டது. உள்ளிருந்த பெண்கள் தாம் காணப்படாமல் கூடத்தைக் காண்பதற்காக அமைந்த மரச்சல்லடைப் பலகணியின் பின்னே நின்று, மறுநாள் காலை இரு சுற்றுலாப் பயணியர் கூடத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். சுவர் மாடத்தில் நறுமண எண்ணெய்க் குப்பிகள் இருந்தன. அம்மாடத்தில் முன்னர் எது வைக்கப்பட்டிருக்கும் என்பதை நம் வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய விடுதிகளைப் பற்றிப் பயண இதழ்களில் எழுதப்படுவன பெரும்பாலும் புகழுரைகள். கட்டடக் கலைஞர் எழுதும்போது தூண், ஓடு, பூச்சு ஆகியன பேசப்படுகின்றன. ஒரு வீடு எவரை எதுவரை உள்ளே விட்டது என்பது அதன் தூணைப் போலவே அதன் அமைப்பின் பகுதி. அது பேசப்படுவதில்லை.

திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் இவ்விடயத்தில் நமக்குக் கூர்மையான கருவி ஒன்றைத் தருகின்றது. அதன் 27ஆம் வசனம், பிறர் வீடுகளில் அனுமதி பெற்று, வீட்டார்க்கு ஸலாம் கூறிய பின்னரே நுழைய வேண்டும் என்கின்றது. திரும்பிச் செல்லுங்கள் எனப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது அடுத்த வசனத்தின் கருத்து. 29ஆம் வசனம், எவரும் குடியிராத, ஆனால் நமக்குப் பயன்பாடு உள்ள இல்லங்களில் அனுமதியின்றி நுழைவதில் குற்றமில்லை என்கின்றது. வீட்டில் நுழையும் விதி அருளப்பட்டதும் அபூபக்ர் (ரலி) அவர்கள், ஷாம் நாட்டு வழியிலுள்ள, குடியிருப்போர் எவருமற்ற தங்கும் கான்களின் நிலை யாதென வினவினார்கள் என்றும், அதனையொட்டியே இவ்வசனம் இறங்கிற்று என்றும் வாஹிதீ ஓர் அறிவிப்பைத் தருகின்றார். தபரீ தொகுத்துள்ள கருத்துகளுள் வழிப்போக்கர் விடுதிகளும் உண்டு. வணிகர் கடைகளும், பாழடைந்த இடங்களும், மக்கா நகர வீடுகளும் உண்டு. இவற்றுள் எதனைக் கொண்டாலும் பாகுபாடு தெளிவு. 'மஸ்கூன்' ஆன இடம் ஒன்று. அவ்வாறு ஆகாத இடம் மற்றொன்று. 'ஸகன்' என்னும் அமைதியைத் தருவது முன்னது. பயன் தருவது பின்னது. வாயிலில் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறை இரண்டிற்கும் வேறு.

மரபு விடுதி இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் விற்கின்றது. சட்டத்தால் அது கான். விளம்பரத்தால் அது இல்லம். 'எங்கள் வீட்டிற்கு வாருங்கள்' என்ற வாசகம் இல்லாத சிறு விடுதியை நாம் கண்டதில்லை. ஆனால் அவ்வீட்டில் 'நாங்கள்' இல்லை. அனுமதி கேட்பதற்கும் ஸலாம் உரைப்பதற்கும் உள்ளே எவருமில்லை என்பதனாலேயே நாம் உள்வீடுவரை செல்ல முடிகின்றது.

சொற்களின் வரலாறும் இதனைக் காட்டும். அரபியில் 'பைத்' என்பது இராத் தங்குதலைக் குறிக்கும் வினையோடு உறவுடையது. 'தார்' என்பது சுற்றி வளைதலோடு உறவுடையது. நடுவில் முற்றமும் சுற்றிலும் அறைகளும் கொண்ட வீட்டிற்கு இதனினும் பொருத்தமான பெயர் இல்லை. 'ஃபுந்துக்' மட்டும் வெளியிலிருந்து வந்தது: எல்லாரையும் ஏற்கும் இடம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் திரிபு. விடுதியை வீட்டின் சொல்லால் அழைக்காது, அயலிலிருந்து வந்த சொல்லுக்கு இடமளித்தனர் அரபியர். பிரெஞ்சுக்காரரோ நேர்மாறு. 'ஓத்தெல்' என்பது அவர்களிடம் பெருங்குடியினரின் நகர மாளிகைக்கும் பெயர், விடுதிக்கும் பெயர். நகராட்சி மன்றமும் 'ஓத்தெல் தெ வில்'தான். 'ஓத்' என்ற சொல் விருந்தளிப்பவரையும் குறிக்கும், விருந்தினரையும் குறிக்கும். காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பெரியவர்கள் இதனை இன்றும் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மாளிகை விடுதியாவதில் அம்மொழிக்கு வியப்பேதும் இராது.

எல்லாப் பழங்கட்டடங்களையும் ஒரே தட்டில் வைப்பதற்கில்லை. நம் ஊருக்கு வடக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவிலுள்ள தரங்கம்பாடியில், 1620இல் டேனியர் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டையின் அருகே, கடலைப் பார்த்து நிற்கும் அதிகாரிகளின் பங்களாவை நீம்ராணா நிறுவனம் 2000களின் முற்பகுதியில் சீரமைத்து விடுதியாக்கிற்று. அங்கு இழந்தது மிகக் குறைவு. பணிமாற்றத்தில் வருவதும் போவதுமாக இருந்த அதிகாரிகளின் உறைவிடம், அது கட்டப்பட்ட நாளிலேயே பாதி விடுதிதான். குடும்ப வீட்டின் செய்தி வேறு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் வீடு மகளுக்கு. மருமகன்தான் அங்கு வந்து சேர்பவர். பெண்கள் தெருவிற்கு வராமலேயே வீட்டிற்கு வீடு சென்றுவரக் காயல்பட்டினத்தில் முடுக்குகள் என்னும் சந்துகளே உண்டு. அத்தகைய வீட்டின் உள்வீட்டை அறையெண் இட்டு வாடகைக்கு விடும்போது இடம் மாறுவது பெண்களின் ஆட்சிப் பகுதி. விளம்பர ஏட்டில் இடம்பெறுவதோ அவ்வீட்டைக் கட்டிய ஆணின் ஒளிப்படம்.

மொராக்கோவின் மர்ராகிஷ் நகரம் இதில் நமக்கு முன்னே சென்றுள்ளது. 1985இல் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அப்பழைய நகரில், 1990களிலிருந்து ஐரோப்பியர் பலர் முற்ற வீடுகளை வாங்கி விடுதிகளாக்கினர். 'ரியாழ்' என்ற சொல், தோட்டங்களைக் குறிக்கும் அழகிய பன்மை, இன்று பயண முகவர்களின் வாயில் விடுதியின் வகைப்பெயர். தெருப்பக்கம் வெறுஞ்சுவரையே காட்டி, அழகையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்ட அவ்வீடுகளில் மொட்டைமாடி பெண்களுக்குரிய வெளி. அதில் இப்போது வெயில் காயும் அயலார் இருக்க, சுற்றியுள்ள வீட்டார் தம் மாடிக்கும் முற்றத்திற்கும் வரக் கூசினர். இது பழமைவாதிகளின் முணுமுணுப்பு என ஒதுக்கத்தக்கதன்று. 854இல் மறைந்த கைரவான் நகரத்து மாலிகீ சட்டமேதை ஸஹ்னூன், பள்ளிவாசலின் மினாரில் ஏறும் முஅத்தினின் பார்வை அண்டை வீடுகளுக்குள் படுமாயின் அவர் ஏறுவதைத் தடுக்கும் உரிமை அண்டை வீட்டார்க்கு உண்டு எனத் தீர்ப்புரைத்தவர். பாங்கொலிக்கே இந்த வரம்பு. சுற்றுலாவிற்கு?

பினாங்கின் ஜார்ஜ் டவுனிலும் இதே போக்கு. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் நாகூர் தர்காவும் நிற்கும் அந்நகரில், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999ஆம் ஆண்டின் முடிவோடு செயலற்றுப்போனபோது பழைய குடித்தனக்காரர் பலர் வெளியேறினர். 2008இல் உலக மரபுத் தகுதி வந்தபின் பல கடைவீடுகள் சிறு விடுதிகளாயின. சுவர் காப்பாற்றப்பட்டது. சூலியாத் தெருவில் குடியிருந்த மனிதர் காப்பாற்றப்பட்டனரா என்பது வேறு கேள்வி.

இவ்வளவும் எழுதிய பின்னும் மரபு விடுதியை வெறுத்தொதுக்க நம்மால் இயலவில்லை. மாற்று என்ன என்பதை நம் கண்ணெதிரே காண்கின்றோம். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குச் சென்றவர்கள், இடிக்கப்பட்ட வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பர். புதுச்சேரியில் இன்டாக் அமைப்பினர், ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஆசியா அர்ப்ஸ்' திட்டத்தின் துணையோடு வைசியாள் வீதியின் முகப்புகளைச் சீரமைத்ததனால்தான் தாழ்வாரமும் திண்ணையும் கொண்ட தமிழ்த் தெருவொன்றை இன்று நம் மாணவர்க்குக் காட்ட முடிகின்றது. மக்காவிலோ உஸ்மானியர் கால அஜ்யாத் கோட்டை 2002இல் தகர்க்கப்பட்டு, அங்கு எழுந்த விடுதிக் கோபுரங்களுக்கு 'வக்ஃபு' என்றே பெயரிடப்பட்டது. பழைய சுவரை நிறுத்தி வைத்த விடுதிக்காரர் இவ்வளவில் நன்றிக்குரியவரே.

நமக்கு இப்பொருள் வெறும் இரசனை விவாதமாக இராமற்போனதற்குக் காரணம் உண்டு. காரைக்காலில் நாம் நன்கறிந்த மரைக்காயர் குடும்பம் ஒன்றின் வீட்டை விடுதியாக்கலாமா என்று அவ்வாரிசுகள் நம்மிடம் கேட்டிருந்தனர். "ஹஜ்ரத், இது கூடுமா என்று மட்டும் சொல்லுங்கள்" என்பது கடிதத்தின் முதல் வரி. 1739இல் பிரெஞ்சியர் கைக்கு வந்து 1954இல் இந்தியாவோடு இணைந்த இவ்வூரில் எந்தப் பெரிய வீட்டின் கதையும் ஏறக்குறைய இதுதான். 1962இல் சட்டப்படியான ஒப்படைப்பு நிறைவேறியதையொட்டிப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் பிள்ளைகள் பாரிசின் புறநகர்களில். மற்றவர் சென்னையிலும் வளைகுடாவிலும். மூன்று தலைமுறையாகப் பங்கு பிரிக்கப்படாமல், ஒருவர்பின் ஒருவராக வாரிசுகள் இறந்து பங்குக்குள் பங்கு விழுந்து நிற்கும் நிலை. வாரிசுரிமை நூலார் இதனை 'முனாஸகா' என்பர். கணக்குப் போட்டால் ஒருவர்க்குரியது ஒரு சன்னல் அளவே வரும்.

'கூடுமா' என்பதற்கு விடை எளிது. கூட்டுச் சொத்தை உடையவர் அனைவரும் இசைந்து வாடகைக்கு விடுவதும், வாடகையைப் பங்கின்படி பிரிப்பதும் ஆகும். மதுவும் அதுபோன்றவையும் இராத வண்ணம் ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். பிரித்தே தீர வேண்டும் என ஒரு பங்காளி நின்றால், நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் வழி ஒன்று காட்டுகின்றது: பிரித்தால் தன் பயனையே இழக்கும் சிறு குளியலகம், சிறு ஆலை போன்றவற்றைப் பிரிக்கும்படி பிறரை வற்புறுத்த முடியாது. முற்றத்தின் நடுவே சுவர் எழுந்த வீட்டையும் அவ்வரிசையில் வைக்கலாம் என்பது நம் கருத்து. பங்காளிகள் முறை வைத்துப் பயன்கொள்ளும் 'முஹாயஆ'வும் நம் ஃபிக்ஹில் உண்டு. ஆண்டில் இரு மாதம் விடுமுறைக்கு வரும் குடும்பங்களுக்கு இது மிகப் பொருந்தும்.

எனினும் 'கூடும்' என்பதோடு நாம் நிறுத்தவில்லை. அவ்வீட்டின் வரைபடத்தை வரவழைத்துப் பார்த்தோம். விடுதிக்காரர் தந்த திட்டத்தில் உள்வீட்டு அறைகள் நான்கும் உயர்ந்த கட்டணத்திற்குரியவை, திண்ணையை ஒட்டிய வெளிக்கூடம் வரவேற்பறை, மாடி உணவகம். வீட்டைக் கட்டியவர்கள் விருந்தினர்க்கென ஒதுக்கிய இடத்தில் விருந்தினர் இல்லை. வீட்டார்க்குரிய இடத்தில் மட்டுமே விருந்தினர். விருந்தோம்பலுக்கு மூன்று நாள் எல்லை வகுத்து, விருந்தளிப்பவரைச் சங்கடத்திற்குள்ளாக்கும்வரை தங்கலாகாது என்றும் கற்பித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் கட்டிய வீடு அது. அவ்வெல்லையைக் கல்லிலும் மரத்திலும் எழுதியிருந்தனர்: நடை இதுவரை, கூடம் இதுவரை என்று. அதனைத் தலைகீழாக்காமலேயே விடுதி நடத்த இயலும். வெளிக்கட்டும் அதன் மேல்தளமும் ஐந்து அறைகளுக்குப் போதும். உள்வீடு குடும்பத்திடமே இருக்கட்டும். முறை வைத்து வருவோர் தங்கட்டும். அவர்களுள் மூத்த அம்மையார் ஒருவர் இன்றும் காரைக்காலிலேயே இருக்கின்றார், அவர் அங்கு குடியிருக்கட்டும். அப்போது வருகின்ற பயணி வாயிலில் ஸலாமோ வணக்கமோ சொன்னால் பதில் சொல்ல ஒருவர் இருப்பார். வருமானம் குறையும் என்பதனையும் மறைக்காமல் எழுதினோம்.

பாரிசிலிருந்து மூவர் உடனே இசைந்தனர். வளைகுடாவிலிருந்து ஒருவர், அறை எண்ணிக்கை குறைந்தால் பழுதுபார்க்கும் செலவே தேறாது என்று கணக்கு அனுப்பியுள்ளார். அக்கணக்கு தவறென்று நம்மால் சொல்ல முடியவில்லை. மாடி உணவகம் குறித்து மட்டும் நாம் விட்டுக்கொடுப்பதாயில்லை. அண்டை வீட்டு முற்றம் அங்கிருந்து முழுவதுமாகத் தெரிகின்றது. கைப்பிடிச் சுவரை ஆள் உயரத்திற்கு எழுப்ப எவ்வளவு ஆகும் என்று கொத்தனாரிடம் கேட்டிருக்கின்றோம். அண்டை வீட்டாரையும் ஒரு சொல் கேட்கும்படி அம்மையார்க்கு எழுதியிருக்கின்றோம்.