பரிசல் ஏன் கறுப்பு? வண்ணம் பூசும் யோசனை பற்றி ஒரு விமர்சனம்

ஒகேனக்கல் பரிசலைப் பற்றிப் பேச்சு வந்தா போதும், ஒரு யோசனை எங்கிருந்தாவது வந்து விழும். "இந்தத் தார்க் கறுப்பு பார்க்க நல்லாவா இருக்கு? நீலம், மஞ்சள்னு பூசினா சுற்றுலாவுக்கு எடுப்பா இருக்குமே!" கேட்க நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் பரிசலின் மேலுறை என்ன வேலை செய்கிறது என்று பார்க்காமல் சொல்லப்படும் யோசனை இது. அதனால்தான் இதை விமர்சிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, சுமார் 7 அடி விட்டத்தில் ஒரு பெரிய கூடை. அந்தக் காலத்தில் அதன்மேல் மாட்டுத் தோலை இழுத்துக் கட்டினார்கள். இப்போது பிளாஸ்டிக் ஷீட்டோ நெய்த சாக்கோ போர்த்தி, மேலே தார் பூசுகிறார்கள். ஓர் ஆள் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு பாறையில் நடந்து போகிற எடைதான். ஆணி அடித்த பலகை எதுவும் கிடையாது. தண்ணீருக்கும் பயணிக்கும் நடுவே இருப்பது அந்த உறை மட்டும்தான்.

படகுக்கு கேன்வாஸ் மாற்றும்போது எந்த நிறம் எடுப்பது என்று மேல்நாட்டுப் படகுக்காரர்கள் நிறையவே யோசிப்பார்கள். வெளிர் நிறம் சூடு தாங்கும், ஆனால் அழுக்கு தெரியும். அடர் நிறம் அழுக்கை மறைக்கும், ஆனால் வெயிலைக் குடிக்கும். எல்லாம் சரியான கணக்குகள்தான். ஆனால் அவர்கள் பேசுவது தலைக்கு மேலே நிற்கும் கூரைத்துணியை, பாயை மூடும் உறையை. அது கிழிந்தால் வெயிலோ மழையோ உள்ளே வரும், அவ்வளவுதான். பரிசல் உறை கிழிந்தால் வருவது காவிரி. அங்கிருக்கிற நிறக் கணக்கை அப்படியே இங்கே காப்பி-பேஸ்ட் செய்ய முடியாது.

பழைய குறிப்புகளில் ஒரு சுவாரசியம் கவனித்தேன். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ், பாபிலோனுக்கு ஆற்றோடு இறங்கி வரும் வட்டத் தோல் படகுகளைப் பற்றி எழுதுகிறார். சரக்கை விற்றதும் மரச்சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலை மட்டும் கழுதைமேல் ஏற்றி ஊர் திரும்புவார்களாம். அங்கே முதலீடு தோலில்தான் இருந்திருக்கிறது. 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், ஆற்றைக் கடக்கும் கூடைப் படகுகளைப் பற்றிச் சொல்கிறார்: உள்ளே பிரம்பு, வெளியே தோல், 15, 20 பேர் ஏறலாம், நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே போகும். பொருள், சுமை, ஓட்டம் எல்லாம் வருகிறது. நிறம் மட்டும் வரவில்லை. தோல் என்றால் தோலின் நிறம், அதில் தேர்வு செய்ய என்ன இருக்கிறது? உறையைக் கடையில் வாங்க ஆரம்பித்த பிறகுதான் "என்ன கலர்?" என்ற கேள்வியே பிறக்கிறது.

சரி, கறுப்பு எப்படி வந்தது? இராக்கில் டைக்ரிஸ் ஆற்றில் ஓடிய வட்டப் படகு குஃபா. அதன் வெளிப்பக்கம் பூசியது நிலக்கீல். வேல்ஸில் டைவி ஆற்றின் மீன்பிடி பரிசல்களில் தோலுக்குப் பதில் துணி வந்தபோது, அதன்மேலும் தார் வகைதான் பூசினார்கள். காவிரியிலும் அதேதான். மூன்று ஊர், மூன்று மொழி, ஒரே கறுப்பு. யாரும் உட்கார்ந்து நிறம் தேர்ந்தெடுக்கவில்லை. தண்ணீர் புகாமல் இருக்க மலிவாகக் கிடைத்த பொருள் கறுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கறுப்பு சும்மா இருப்பதும் இல்லை. நம்ம மாவட்டத் தோட்டங்களில் கிடக்கும் சொட்டுநீர்க் குழாய் ஏன் கறுப்பு? பாலித்தீனில் கார்பன் கறுப்பு கலந்தால் வெயிலின் புற ஊதாக் கதிர் உள்ளே இறங்கி பிளாஸ்டிக்கைச் சிதைப்பது வெகுவாகக் குறையும். தார்ப் பூச்சும் அடியிலிருக்கும் சாக்குக்கு அப்படியொரு குடை. குறையும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சாலைக்குப் போடும் விஜி-30 தாருக்கு இந்தியத் தரநிர்ணயம் கேட்கும் இளகுநிலை குறைந்தது 47 டிகிரி. சித்திரை வெயிலில் பாறைமேல் கவிழ்த்துப் போட்ட கறுப்புப் பரப்பு அதைச் சுலபமாகத் தாண்டும். பூச்சு இளகும், கையில் ஒட்டும். தண்ணீரில் கிடக்கும்வரை பிரச்சினை இல்லை.

இப்போ பெயின்ட் யோசனைக்கு வருவோம். தார்மேல் எண்ணெய்ப் பெயின்ட் அடித்தால் தாரின் பழுப்பு மேலே கசிந்து வரும். அடியில் இளகுகிற தார், மேலே இறுகிய பெயின்ட். இரண்டும் ஒரே மாதிரி விரியாது, முதலைத் தோல் போல வெடிக்கும். அழகு ஒரு கோடைகூடத் தாங்குமா என்பது சந்தேகம். அதைவிட மோசம், தார் எங்கே தேய்ந்திருக்கிறது என்பதைப் பெயின்ட் மறைத்துவிடும். பாறையில் உரசிக்கொண்டே ஓடுகிற படகில் இது ஆபத்தான அழகு.

அப்போ நிறத்தைத் தேர்வு செய்ய இடமே இல்லையா? இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத அடுக்கில். தாருக்கு அடியில் போடும் ஷீட் வெள்ளையாகவோ வெளிர் நீலமாகவோ இருந்தால், தார் உரிந்த இடம் பளிச்சென்று தெரியும். கப்பலுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் வேண்டுமென்றே நிறம் மாற்றுவார்கள், விட்டுப்போன இடம் கண்ணில் படணும் என்று. அதே உத்திதான். ஷீட்டும் கறுப்பு, தாரும் கறுப்பு என்றால் தேய்மானம் ஒளிந்துகொள்ளும். எங்க தொழில் பாஷையில் சொன்னால், எரர் மெசேஜை அணைத்துவிட்டு புரோகிராம் நல்லா ஓடுதுன்னு நம்புவது மாதிரி.

வண்ணத்துக்கு ஆதரவாக ஒரே ஒரு நல்ல வாதம் உண்டு: விபத்து நேர்ந்தால் தூரத்திலிருந்து கண்ணில் பட வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதலில் கண்ணில் பட வேண்டியது தண்ணீரில் விழுந்த ஆள், அப்புறம்தான் படகு. அந்த ஆரஞ்சு நிறம் லைஃப் ஜாக்கெட்டில் இருக்கணும். வெளுத்துப்போன ஜாக்கெட்டை மாற்றச் செலவிடும் பணம், படகுக்குப் பூசும் பெயின்ட்டைவிடப் பல மடங்கு உபயோகம்.

கடைசியாக, செலவு யாருடையது? ஆற்றில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசல் ஓட்டத் தடை விதிக்கும். அது தேவையான தடைதான். ஆனால் அத்தனை நாளும் பரிசல்காரர் வீட்டில் வருமானம் இல்லை. ஷீட்டும் தாரும் அப்போதும் வாங்கியாக வேண்டும். அவர் தலையில் இன்னொரு டப்பா பெயின்ட்டை ஏற்றுகிற யோசனைக்கு, "எடுப்பா இருக்குமே" என்பது போதுமான காரணமாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த முறை போகும்போது ஏறுவதற்கு முன் பரிசலின் அடிப்பக்கத்தை ஒருமுறை பாருங்கள். கறுப்பு முழுசாக இருந்தால் ஏறுங்கள். நடுவில் வெள்ளையோ நீலமோ தெரிந்தால், "அண்ணே, இங்க தார் போயிருக்கு பாருங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.