ஒடுங்கிய சாய்வெழுத்தின் அழகு

சாய்வெழுத்து என்றால் ஒரு சொல்லை அழுத்திச் சொல்லும் உத்தி என்றே ஆங்கில நூல்கள் நம்மைப் பழக்கிவிட்டன. ஆனால் 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் வர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டபோது நூல் முழுவதும் சாய்வெழுத்துதான். இத்தாலியப் படிப்பாளிகளின் கையெழுத்தைப் பார்த்து பிரான்செஸ்கோ கிரிஃபோ செதுக்கிய அச்சு அது. அந்த மரபில் பிறகு வந்தவற்றுள் என் மனதுக்கு மிக நெருக்கமானது, ஆல்ஃபிரட் ஃபேர்பேங்க் வரைந்த ஒடுங்கிய எழுத்துரு.

ஃபேர்பேங்க் இங்கிலாந்தில் அரசு ஊழியராக இருந்தவர்; பட்டைமுனைப் பேனாவில் ஊறிய கை அவருடையது. பழைய இத்தாலியக் கையெழுத்தை மீட்கப் பாடுபட்டவர், 1932இல் அதற்கொரு பயிற்சி நூலும் எழுதினார். 1920களின் இறுதியில் மோனோடைப் நிறுவனம் அவர் எழுத்தை அச்சாக்கியது. 1929இல் வெளிவந்த பெம்போ என்ற நேரெழுத்துக்கு இது துணையாகும் என்று அங்கே நினைத்தார்கள். பொருந்தவில்லை. பெம்போவுக்கு அடக்கமான வேறொரு சாய்வெழுத்து வந்தது. ஃபேர்பேங்கினுடையது தனியே நின்றது.

இந்த எழுத்தை ரசிக்க, முதலில் இதில் அச்சான பக்கத்தைத் தலைகீழாகப் பிடியுங்கள். சொற்கள் மறைந்து வெள்ளை இடைவெளி தெரியும். எழுத்துக்குள் இருக்கும் வெள்ளையும் இரண்டு எழுத்துக்கு நடுவே இருக்கும் வெள்ளையும் ஏறக்குறைய ஒரே அகலம். வரி முழுக்க அந்தத் தாளம் தப்பாது. அடுத்து, நேராகத் திருப்பி ஆங்கிலச் சிறிய 'என்' (n) எழுத்தின் வளைவைப் பாருங்கள். நேரெழுத்தில் அது தண்டின் உச்சியருகே கிளைக்கும். இங்கே பேனாவை எடுக்காமல் எழுதியதுபோல் தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்தே பிரிந்து மேலேறுகிறது. ஒடுக்கம் இந்தக் கையோட்டத்தில் பிறந்தது. அதனால்தான் எழுத்து இத்தனை குறுகியும் மூச்சுமுட்டவில்லை. சாய்வைக் கடைசியில் கவனித்தால் போதும். அது மிகக் கொஞ்சம்தான்.

ஒடுக்கம் கையோட்டத்தில் பிறக்காவிட்டால் என்ன ஆகும் என்று அறிய, கணினியில் அகலமான எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பாருங்கள். நிற்கும் கோடுகள் மெலிந்துவிடும், கிடைக்கோடுகள் தடிமன் குறையாமல் நிற்கும். கண் உடனே உறுத்தலை உணரும். தமிழ்ச் சொற்களைச் சாய்க்கும்போதும் பெரும்பாலும் நேரெழுத்தையே தள்ளிச் சரிக்கிறோம். கையிலிருந்து பிறந்த சாய்வெழுத்து நம் கண்ணுக்குப் பழகாததற்கு இதுவும் காரணம்.

ஃபேர்பேங்கின் எழுத்தைக் கவிதைக்குப் பயன்படுத்துங்கள். நீண்ட அடிகூடச் சிறிய பக்கத்தில் மடங்காமல் முழுதாக நிற்கும். தலைப்புப் பக்கம், அழைப்பிதழ், குறுகிய முன்னுரை ஆகியவற்றுக்கும் ஏற்றது. நாவலுக்கோ செய்திக்கோ வேண்டாம். வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். எழுத்துகளை மட்டும் இழுத்துப் பரப்பாதீர்கள், தாளம் உடைந்துவிடும்.

எழுத்துரு வடிவமைப்பாளர் ராபின் நிக்கலஸ் இதைக் கணினிக்கு ஏற்ப மீட்டெடுத்து ஃபேர்பேங்க் என்ற பெயரிலேயே தந்திருக்கிறார். ஒருமுறை பெம்போவையும் இதையும் ஒரே வரியில் வைத்துப் பாருங்கள். பெம்போ சட்டென்று அகன்று தளர்ந்ததாகத் தோன்றும். இரண்டையும் பிரித்துவைத்தது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.